பன்னிரண்டாம் விதியும் வாஞ்சிருவின் கேள்வியும்

பன்னிரண்டாம் விதி இப்படிச் சொல்கிறது: ‘தமிழ்ப் பேச்சுத் தேர்வில் தேறாத வெளிநாட்டு மருத்துவ மாணவர், மொழிபெயர்ப்பாளர் உடன் இல்லாத நேரத்தில், நோயாளியிடம் நோய் வரலாறு கேட்கக் கூடாது. மீறினால் பயிற்சிச் சான்றிதழ் வழங்கப்படமாட்டாது.’

இந்த விதியை எழுதியவள் நான். தட்டச்சு செய்தவளும் நான். அதிலுள்ள காற்புள்ளிகள்கூட என்னுடையவை. ஆகவே அதைக் குறை சொல்ல என்னைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை.

கொல்லிமலையில் நம் மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியர்களிடம் அரைமணி நேரம் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தார்கள். எனக்கு மேடையில் பேச வராது. முப்பத்து மூன்று ஆண்டுகள் இங்கே வேலை பார்த்தவள், அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் மேட்ரன். எழுதித்தான் பழக்கம். எனவே எழுதித் தருகிறேன். ஊசி போடுவது, கட்டுப்போடுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் சுவரில் ஒட்டியிருக்கிறது. சுவரில் ஒட்டாத ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆண்டுதோறும் நம்மிடம் வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் நாலைந்து பேர் எட்டு வாரப் பயிற்சிக்கு வருவார்கள். முதல் இரண்டு வாரம் காலையில் ஒரு மணிநேரம் தமிழ் வகுப்பு. ஆசிரியை நான். நர்சிங் படிப்போடு அஞ்சல் வழியில் தமிழ் எம்.ஏ.வும் முடித்தவள் என்பதால் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் விருப்பத்தோடுதான் தலையைக் கொடுத்தேன். நோயாளியிடம் கேட்க வேண்டிய நாற்பது கேள்விகளைத் தொகுத்து ஒரு சிறு புத்தகமே போட்டிருந்தேன். ‘வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்?’ என்று தொடங்கும். ‘எத்தனை நாட்களாக வலி உள்ளது?’, ‘ஒன்று முதல் பத்துக்குள் வலியின் அளவு என்ன?’ என்று போகும். இலக்கணப் பிழை ஒன்றுகூடக் கிடையாது.

ஒரே ஒரு குறை. அந்தக் கேள்விகளுக்கு இந்த மலையில் யாரும் பதில் சொல்வதில்லை.

மாணவர்கள் நாக்கைச் சுழற்றிச் சுழற்றி “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். நோயாளி எழுந்து நின்று, “நல்லாருக்கோமுங்க, நீங்க சாப்டீங்களா?” என்பார். கடல் தாண்டி வந்த விருந்தாளி; அவரிடம் போய் நம் நோவைச் சொல்லி அவர் முகத்தை வாட வைப்பதா? ஒருமுறை டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பையன் ஒரு காலைப் பொழுது முழுக்க எழுதிய பதினேழு தாள்களிலும் ‘நலமாக உள்ளார்’ என்றே இருந்தது. அதில் இரண்டு பேர் படுத்த படுக்கையாக வந்தவர்கள். வலியின் அளவைக் கேட்டால் அதைவிட மோசம். “நீங்களே பாத்து ஒரு நம்பர் போட்டுக்குங்க சாமி” என்பார்கள்.

நான் இதற்கெல்லாம் மாணவர்களின் உச்சரிப்பைக் குறை சொன்னேன். பிறகு ஒரு மாணவர் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவருக்கு இல்லாத நீரிழிவை எழுதிவைத்தார். உடனே பன்னிரண்டாம் விதியை எழுதினேன். தவறு நடந்தால் விதி எழுதுவது நம் வழக்கம். எழுதிய பிறகு நிம்மதியாகத் தூக்கம் வரும்.

இந்த நிலையில்தான் வாஞ்சிரு வந்தாள். கென்யாக்காரி, ஐந்தாம் ஆண்டு மாணவி. உதவித்தொகையில் படிப்பவள். நம் சான்றிதழ் பிப்ரவரி முடிவதற்குள் அவள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இறுதித் தேர்வு எழுத முடியாது, ஓராண்டு போகும், உதவித்தொகையும் அதோடு போகும். வந்த அன்றே இதை என்னிடம் சொல்லிவிட்டாள். நானும் வந்த அன்றே அவளுக்குப் பன்னிரண்டாம் விதியை வாசித்துக் காட்டிவிட்டேன்.

வகுப்பில் அவள் கடைசி வரிசை. என் நாற்பது கேள்விகளில் பத்தைக்கூட ஒழுங்காகச் சொல்ல மாட்டாள். வகுப்பு முடிந்ததும் காணாமல் போய்விடுவாள். எங்கே போகிறாள் என்று மூன்றாம் நாள் தேடிப் போனேன். மருத்துவமனைக்குப் பின்னால், நோயாளிகளோடு வந்தவர்கள் சமைத்துக்கொள்ள ஒரு தகரக் கொட்டகை உண்டு; பார்த்திருப்பீர்கள். அங்கே தரையில் உட்கார்ந்து, எட்டுப் பத்துப் பெண்களோடு மரவள்ளிக் கிழங்குக்குத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். கத்தி முனையை உள்ளே கொடுத்து, தோலை ஒரே சுற்றில் நெம்பி எடுத்தாள். எனக்கு இத்தனை ஆண்டுகளில் வராத வேலை.

“ஏனுங்க மேட்ரனம்மா, இந்தப் புள்ள ஊர்லயும் குச்சிக்கெழங்கு வெளையுதாமுங்க” என்றார் ஒருவர். “ராகியும் வெளையுதாம். அதுக்கு என்னமோ பேரு சொல்லுச்சே…”

“விம்பி” என்றாள் வாஞ்சிரு.

“ஆமா, விம்பி. களி கிண்டத் தெரியுது. ஆனா உப்புப் போடாம தின்னுமாம். அதான் இப்பிடி எளச்சுக் கெடக்குது.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். “கண்ணு, அந்தக் கெழங்க எடு” என்று ஒருத்தர் சொன்னால் எடுத்தாள். “அறுவடைக்கு உங்கூர்ல கூலியாளா, மொய்யாளா?” என்று இன்னொருத்தர் கேட்டார். மொய்யாள் என்றால் இன்று உன் காட்டில் நான், நாளை என் காட்டில் நீ. வாஞ்சிரு கையை ஆட்டி ஆட்டி, பாதித் தமிழும் பாதி நடிப்புமாகத் தன் ஊரில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது யார் யார் வந்து கதிர் அறுத்துக் கொடுத்தார்கள் என்று சொன்னாள். அவர்களுக்குப் புரிந்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது.

இரண்டாம் வாரக் கடைசியில் பேச்சுத் தேர்வு. “வலி எப்போது தொடங்கியது என்று கேள்” என்றேன். அவள், “என்னிக்கு வேலைய உட்டீங்க?” என்றாள். அது என் புத்தகத்தில் இல்லை. “நோயாளியிடம் விடைபெறு” என்றேன். “வாரேனுங்க” என்றாள். அதுவும் இல்லை. நாற்பதுக்குப் பதினொன்று போட்டேன். தேர்வில் தேறாதவர் என்று முத்திரையும் குத்தினேன். இந்த மலையில் அன்று மிக நன்றாகத் தமிழ் பேசிய வெளிநாட்டு மாணவியை நான் தோற்கடித்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அவள் கோபப்படவில்லை. கொட்டகைக்குப் போய்விட்டாள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை, மதியம் ஒன்றரை மணி. மருத்துவர் நாமக்கல்லில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நான்கு மணிக்குமேல்தான் திரும்புவார். மற்ற மாணவர்கள் அவரோடு போயிருந்தார்கள். தேர்வில் தேறாததால் வாஞ்சிரு மட்டும் இங்கே. மலையில் அன்று இருந்த ஆம்புலன்ஸ் நம்முடையது ஒன்றுதான்.

மிளகுக் கொடிக்கு வெயில் படுவதற்காகச் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிளை கழித்துக்கொண்டிருந்த பொன்னுசாமி என்பவர் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு வந்திருந்தார். நல்ல குரல் வளம். “அய்யோ என்ற காலு போச்சே, வண்டிய எடுங்கடா” என்று அவர் போட்ட சத்தம் சோளக்காடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். மருத்துவரிடம் போனில் பேசி, கட்டை வைத்துக் கட்டி, அவரை வண்டியில் ஏற்றிவிட்டேன். நாமக்கல் போய் இறக்கிவிட்டு வண்டி திரும்ப நான்கு மணிநேரமாவது ஆகும்.

வெளி வராந்தாவில் பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பெயர் வெள்ளையம்மா, முப்பது வயது இருக்கும், திருப்புலி நாட்டுப் பக்கத்துக்காரர். கணவர் பைக்கில் கூட்டி வந்திருந்தார். நான்தான் விசாரித்தேன். என் புத்தகத்தில் உள்ள வரிசைப்படி, ஒரு கேள்வி விடாமல் கேட்டேன்.

“ஒண்ணுமில்லீங்க. லேசா அடிவவுறு வலி. இவருதான் வா வான்னு இழுத்துட்டு வந்துட்டாரு.”

“மாதவிலக்குத் தள்ளிப்போயிருக்கா?”

“இல்லீங்க.” சுற்றிலும் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் வரும் என்று எதிர்பார்த்தேனோ தெரியவில்லை.

நாடி கொஞ்சம் வேகம். பைக்கில் மேடு பள்ளம் ஏறி வந்தால் யாருக்கும் இருக்கும் வேகம். ‘லேசான வயிற்று வலி. மருத்துவர் வரும்வரை காத்திருக்கலாம்’ என்று சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தச் சீட்டு இன்றும் கோப்பில் இருக்கிறது, விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.

டிரைவர் வண்டியைக் கிளப்பும்போது வாஞ்சிரு ஓடி வந்து வண்டியின் முன்னால் நின்றாள்.

“சிஸ்டர், அந்த அக்காவ ஏத்துங்க.”

“எந்த அக்கா?”

“பெஞ்சுல இருக்கறவங்க. அவங்க ஊட்டுல இன்னிக்கு ஊட்டுக்காரருதான் அடுப்புப் பத்த வெச்சாரு. நேத்தும் அவருதான்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அதனால் என்ன?” என்றேன்.

“ராகி அறுத்துக் களத்துல கெடக்குதாம். மழ வருது. மூட யாருமில்லயாம்.” மூச்சு வாங்கினாள். “அத என்கிட்ட சொல்லிட்டு, கெடந்தா கெடக்குது கண்ணுன்னு சொன்னாங்க. கெடந்தா கெடக்குதுன்னு!”

“நோயாளியிடம் நீ தனியாகப் பேசினாயா? விதி தெரியும்தானே?”

“தெரியுங்க.”

“சான்றிதழ் போய்விடும் என்பதும் தெரியும்தானே?”

“தெரியுங்க. அவங்கள மொதல்ல ஏத்துங்க.”

தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல் எனக்குப் புரிந்தது என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். இவள் அடுப்புக் கதை சொல்கிறாள். என்னை நகர வைத்தவர் வேறு ஒருவர். வண்டிக்குள் படுத்தபடி அவ்வளவு நேரம் அலறிக்கொண்டிருந்த பொன்னுசாமி திடீரென்று சத்தத்தை நிறுத்தியிருந்தார்.

“ஏனுங்க, யாரு ஊட்டுல புருசன் அடுப்புப் பத்த வெச்சான்?” என்று உள்ளேயிருந்து கேட்டார்.

வாஞ்சிரு கையைக் காட்டினாள்.

“ரண்டு நாளாவா? ராகி களத்துல கெடக்குதா?” கேட்டுவிட்டு, கூட வந்திருந்த தன் தம்பியைப் பார்த்து, “என்னைய எறக்குடா” என்றார்.

“ஏண்ணா, காலு…”

“காலு எங்கயும் ஓடிப்போயிறாது. அதான் கட்டிப் போட்டிருக்காங்கல்ல. எறக்குடா, அந்தப் புள்ள போய்ச் சேரட்டும்.”

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் இரண்டு பட்டம், முப்பத்து மூன்று வருட அனுபவம், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். தொடை எலும்பு முறிந்து கிடந்த ஒரு மனிதர், நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல், காதில் விழுந்த இரண்டு வாக்கியங்களை வைத்து, தன்னைவிட அவசரமானவர் யார் என்று முடிவு செய்து இடத்தைக் காலி செய்தார். அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. வராந்தாவில் இருந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. நாலு பேர் அதற்குள் ஸ்டிரெச்சரைப் பிடித்திருந்தார்கள். சந்தேகம் இருந்தது எனக்கு மட்டும்தான்.

வெள்ளையம்மாவிடம் போனேன். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். மறுபடி நாடி, மறுபடி அழுத்தம். எண்கள் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. காத்திருக்கலாம் என்றும் வாதாடலாம், கூடாது என்றும் வாதாடலாம். அவரோ, “எனக்கொண்ணுமில்லீங்க. பாவம், அவருக்குத்தான் காலு ஒடஞ்சிருக்குது” என்று அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். முந்தைய சீட்டைக் கிழிக்காமல், அதன் கீழேயே ‘உடனடியாக அனுப்பப்படுகிறார். உள் இரத்தப்போக்காக இருக்கலாம்’ என்று எழுதினேன். நாமக்கல்லில் இருந்த மருத்துவரை அழைத்து, இரத்தமும் அறுவை அரங்கும் தயார் செய்யச் சொன்னேன். “என்ன கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார். “இரண்டு நாளாகக் கணவர் சமைக்கிறார்” என்றேன். என்னை அவருக்குப் பத்து வருடமாகத் தெரியும் என்பதால் வேறு எதுவும் கேட்கவில்லை.

மூத்த செவிலியர் ஒருவரையும் கணவரையும் கூட ஏற்றி அனுப்பினேன். மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்குவதற்குள் வெள்ளையம்மா நினைவிழந்துவிட்டார் என்று செவிலியரிடமிருந்து போன் வந்தது. அதன்பின் ஒன்றே முக்கால் மணிநேரம் எதுவும் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. பொன்னுசாமி வராந்தாவிலேயே கிடந்தார். வலிக்கு ஊசி போட்டிருந்தேன். வலியா என்று கேட்டால், “அந்தப் புள்ளயப் பத்திச் சேதி வந்துச்சுங்களா?” என்றார்.

சேதி வந்தது. கரு, கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கி வெடித்திருக்கிறது. வயிறு நிறைய இரத்தம். அறுவை முடிந்தது, உயிருக்கு ஆபத்தில்லை. நான்கு மணிவரை அந்தப் பெஞ்சில் உட்காரவைத்திருந்தால் உயிர் பெஞ்சோடு போயிருக்கும் என்றார் மருத்துவர். ‘மருத்துவர் வரும்வரை’ என்று நான் எழுதிக் கையெழுத்திட்டது அந்த நான்கு மணியைத்தான்.

அன்று மாலை, பொன்னுசாமியையும் மலையிறக்கி அனுப்பிய பிறகு, வாஞ்சிருவிடம் அவள் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் நம் மலைப் பேச்சு. ஒரு பக்கத்தில் ஒரு கேள்வி: ‘இன்னிக்கு உங்க வேலைய யாரு பாக்கறாங்க?’ அதன் கீழே பதில்களை வரிசையாக எழுதியிருந்தாள். நானேதான் என்றால் பயமில்லை. மகள் என்றால் கொஞ்சம் கவனி. பக்கத்து ஊட்டுக்காரி என்றால் உட்காரவை. மாமியார் என்றால் படுக்கவை. புருசன் என்றால் மருத்துவரைக் கூப்பிடு. ‘கெடந்தா கெடக்குது’ என்றால் ஓடு. ஆண்களுக்குத் தனிப் பக்கம்: மாட்டை யார் அவிழ்த்துவிட்டது, மடை யார் திருப்பியது. ஆறு வாரத்தில் சமையல் கொட்டகையில் கிழங்கு உரித்தபடி கேட்ட கதைகளை, பிறகு வார்டில் படுத்திருந்தவர்களின் நிலையோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்திருக்கிறாள். ஒன்று முதல் பத்துவரை நான் கேட்டுக் கிடைக்காத அளவு அங்கே இருந்தது. கணவன் அடுப்புப் பற்றவைப்பதை ஆபத்தின் அறிகுறியாக எந்தப் பாடப்புத்தகமும் எழுதியதில்லை. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை ஆண்டுகள் நோயாளிகள் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். “மாமியாதான் மாட்டுக்குத் தண்ணி காட்டுது” என்பார்கள். ஊர்க்கதை பேச நேரமில்லை என்று நான் அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

அடுத்தது, சென்னையில் உள்ள நம் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை. மருத்துவர் இரவு பேசும்போது, “சிஸ்டர், அந்தக் கேள்விய நீங்க கேட்டதா எழுதிடுங்க. புள்ளைக்கும் பிரச்சினை இல்ல, உங்களுக்கும் இல்ல” என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில் சொன்னார். நான் எழுதவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். விடுப்புக் கடிதங்களில் நானும் காய்ச்சலில் படுத்திருக்கிறேன். ஆனால் நான் கேட்டதாக எழுதினால், என் நாற்பது கேள்விகள் ஓர் உயிரைக் காப்பாற்றியதாகக் கோப்பில் பதிவாகும். அடுத்து வரும் செவிலியர் அவற்றை நம்பி இன்னொருவரைப் பெஞ்சில் உட்காரவைப்பார். நடந்ததை நடந்தபடி எழுதினேன். என் கையெழுத்திட்ட முதல் சீட்டின் நகலையும் இணைத்தேன்.

அனுப்பும் முன் வாஞ்சிருவிடம் படித்துக் காட்டினேன். போனால் போகப்போவது அவளுடைய ஓராண்டு.

“எனக்குப் பயமா இருக்குங்க” என்றாள்.

“வேண்டாம் என்றால் சொல்.”

குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, “அனுப்புங்க” என்றாள். “ஆனா கேள்விய சரியா எழுதுங்க. ‘யார் செய்கிறார்கள்’னு எழுதியிருக்கீங்க. ‘யாரு பாக்கறாங்க’ன்னு நான் கேட்டேன்.”

திருத்தி எழுதினேன்.

டிசம்பர் கடைசியில் எட்டு வாரம் முடிந்தது; சான்றிதழ் இல்லாமல் விமானம் ஏறினாள். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. பொங்கலுக்கு முன் ஒரு நினைவூட்டல், பின் ஒரு நினைவூட்டல். போன் செய்தால், “ஃபைல் சார் டேபிள்ல இருக்கு மேடம்” என்றார்கள். எந்த சார், எந்த டேபிள் என்பதை என் கடைசிப் பணிமாதத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. வாஞ்சிரு வாரம் ஒரு குரல் பதிவு அனுப்புவாள். “நல்லாருக்கேனுங்க” என்று தொடங்குவாள். அந்தச் சொல்லை நம்பக்கூடாது என்பதை அதற்குள் நான் கற்றிருந்தேன்.

நான் ஓய்வுபெற ஒரு வாரம் இருக்கும்போது பதிலுக்குப் பதிலாக ஒரு வினா வந்தது. ‘பயிற்சி மாணவி கேட்ட நோய் வரலாற்றுக்கு நோயாளி சம்மதித்தாரா? நோயாளியின் கையெழுத்துடன் வாக்குமூலம் அனுப்புக.’ இருக்கிற நடைமுறைதான். திருப்புலி நாட்டுக்குப் போனேன்.

வெள்ளையம்மா வாசலில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். “வாங்க வாங்க, உக்காருங்க” என்று உள்ளே போய், அவரே அடுப்பு மூட்டிக் காபி போட்டுக் கொண்டுவந்தார். அதற்குமேல் அவரைப் பரிசோதிக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. படிவத்தை எடுத்து வாசித்தேன்.

“வெளிநாட்டு மாணவி உங்கள் நோய் பற்றிக் கேட்டபோது, அதற்குச் சம்மதித்தீர்களா?”

“அது நோவப் பத்தி ஒரு வார்த்த கேக்கலீங்களே” என்றார் வெள்ளையம்மா. “நோவெல்லாம் நீங்கதான கேட்டீங்க? எனக்கு ஒண்ணுமில்லன்னு உங்ககிட்டச் சொல்லிப்புட்டேன்.”

“அவள் என்னதான் கேட்டாள்?”

“பக்கத்துல வந்து உக்காந்துச்சு. ஊட்டு வேலைய யாரு பாக்கறாங்கன்னு கேட்டுச்சு. ஊட்டுச் சேதிதானேன்னு சொன்னேன். அத்தோட எந்திரிச்சு ஓடுச்சு.”

“அப்படியே எழுதிக்கொள்ளட்டுமா?”

“எழுதிக்குங்க.”

“ரண்டு நாளும் சோறு கொழஞ்சு போச்சுன்னும் சேத்து எழுதுங்க” என்றார் கணவர். “இவ ஆஸ்பத்திரில கண்ண முழிச்சதும் மொத வேலையா அதத்தான் சொன்னா.”

“பின்ன, அது சோறா?” என்றார் வெள்ளையம்மா. பிறகு என்னைப் பார்த்து, “எதுக்குங்க இதெல்லாம்? அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?” என்றார்.

சொன்னேன். பிப்ரவரிக்குள் காகிதம் வராவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போகும் என்றேன். அவர் கணவரை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை வாங்கி, படிவத்தில் காட்டிய இடத்தில் ஒரு கையெழுத்து; காட்டாத இடங்களில் மூன்று கையெழுத்து. “ஒண்ணு அழிஞ்சு போனாலும் இன்னொண்ணு இருக்கட்டும்” என்றார்.

சொன்னது சொன்னபடி, குழைந்த சோறு உட்பட, பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஜனவரிக் கடைசியில் ஓய்வு பெற்று, சேந்தமங்கலத்தில் வீடு பார்த்துக் குடிவந்தேன். பிப்ரவரி நாட்கள் ஒவ்வொன்றாகப் போயின. வாஞ்சிருவின் பதிவுகள் நின்றன. என்ன சொல்லி அவளை அழைப்பது என்று தெரியாமல் நானும் இருந்தேன்.

ஒரு காலையில் புதிய மேட்ரன் மலையிலிருந்து போன் செய்து, கடிதத்தைப் பிரித்து வாசித்தார். ‘நோயாளியின் வாக்குமூலத்தின்படி, மாணவி நோய் வரலாறு எதையும் கேட்கவில்லை, வீட்டு விவரம் மட்டுமே விசாரித்துள்ளார். எனவே பன்னிரண்டாம் விதி மீறப்படவில்லை. சான்றிதழ் இணைப்பில்.’

அந்த மருத்துவமனையில் முப்பத்து மூன்று ஆண்டுகளில் அதைவிட நல்ல நோய் வரலாற்றை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தலைமை அலுவலகத்துக்கு அதை மறுத்து எழுத எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. எந்தப் பிரிவின் கீழ் எழுத வேண்டும் என்பதும் தெரியும். எழுதவில்லை. சான்றிதழைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அப்படியே கென்யாவுக்குத் தட்டிவிட்டேன். பல்கலைக்கழகத்துக்கு நகலை உடனே மின்னஞ்சலிலும், மூலப்பிரதியை மதியத் தபாலிலும் அனுப்பவைத்தேன். பத்து நிமிடத்தில் வாஞ்சிருவின் குரல் பதிவு வந்தது. அழுதுகொண்டே மூக்கை உறிஞ்சும் சத்தம், பின்னால் யாரோ ஓர் அம்மாள் அவள் மொழியில் என்ன என்ன என்று கேட்கும் சத்தம்.

அன்று பிப்ரவரி இருபத்து நான்கு, திங்கட்கிழமை; மாதம் முடிய இன்னும் நான்கு நாள்.